கம்பெனி அக்கா போட்ட ஓட்டைகள்

நற்கருணை அப்பத்தை நாக்கில் வாங்குவதற்கு முன் அதன் அகலத்தைக் கண்ணாலேயே அளந்து பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். அன்று ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. நேராக என்னிடம் வந்தார்.

"உபதேசியாரே, போன வாரம் குடுத்த அப்பத்துக்கும் இந்த வாரத்துக்கும் ஒரு மில்லி வித்தியாசம் இருக்குது. எங்கேர்ந்து வாங்குறீங்க?"

"சிஸ்டர்ங்க கையால செஞ்சு அனுப்புறாங்கக்கா."

"கையாலயா?" என்றார். அந்தக் குரலில் இருந்த பரிதாபம் சிஸ்டர்களுக்கா, எனக்கா, ஆண்டவருக்கா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மரக்காணத்தை ஒட்டி, உப்பளங்களுக்கும் கடற்கரைச் சாலைக்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்னப் பங்குக் கோயிலில் நான் உபதேசியார். மணி அடிப்பது, சாவி வைத்திருப்பது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது, ஃபாதருக்கும் ஊருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது ஆகியவை என் வேலை. அந்த அம்மாவின் ஞானஸ்நானப் பெயர் பங்குப் பதிவேட்டில் இருக்கிறது. ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் கம்பெனி அக்கா.

கம்பெனி என்றால் சென்னைக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டையில் இருந்த கம்பெனி. டிவி, கார், ஆஸ்பத்திரி மிஷின் என்று எதைத் திறந்தாலும் உள்ளே ஒரு பச்சை அட்டை இருக்குமே, அந்த அட்டையில் தலைமுடி கனத்துக்கு ஓட்டை போடுகிற இடம். இருபத்தாறு வருடம் அங்கே வேலை. முதல் பாதி ஓட்டை போட்டார். மறுபாதி, மற்றவர்கள் போட்ட ஓட்டையை லென்ஸ் வைத்துப் பார்த்துச் சரி, தப்பு சொன்னார். கம்பெனியை மூடியபோது மற்றவர்கள் டிபன் பாக்ஸோடு வீட்டுக்கு வந்தார்கள். இவர் மிஷினோடு வந்தார்.

அது வந்த நாளை யாரும் மறக்க முடியாது. பழைய இரும்புக்காரர் கேஸ் வைத்து அறுக்க இருந்ததை, இவர் குறுக்கே நின்று பேசி வாங்கிவிட்டார். ஐந்து டன் கனம். அடிப்பகுதி முழுக்க ஒரே கருங்கல் பலகை. அதன்மேல் நான்கு தலை, ஒவ்வொரு தலையிலும் ஓர் ஊசி. உப்பளத்து மண்ரோட்டில் ட்ரெய்லர் திரும்ப முடியாமல் நின்று, உப்பு லாரி பத்துப் பதினைந்து பின்னால் வரிசை கட்டிவிட்டது. அக்கா ட்ரெய்லர் மேல் ஏறி நின்று, கிரேன்காரரிடம் ரசமட்டத்தைக் காட்டி, "ஏம்பா, இந்தப் பக்கம் சாயுது பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தரத்தில் தொங்கும் ஐந்து டன்னுக்கு ரசமட்டம் பிடித்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

உப்பு வைக்கிற அவர்கள் வீட்டுப் பழைய கொட்டகையில் அது குடியேறியது. மிஷினுக்குச் சூடு ஆகாது என்று கொட்டகைக்கு ஏசி போட்டார். அவர் மட்டும் வீட்டுக்குள் ஃபேன் காற்றில் படுத்தார். உப்பு வாரும் பெண்கள் மத்தியானம் வெயில் தாங்காமல் மிஷின் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். வாசலிலேயே உப்புக் காலைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். அதில் தனலட்சுமி என்று ஒரு பெண், "அக்கா, அடுத்த ஜென்மத்துல நான் உன் மிஷினா பொறந்துடறேன்" என்பாள். அக்கா அவள் பாதத்தைப் பார்த்துவிட்டு, "குதிகால்ல இன்னும் உப்பு இருக்குது, போய்க் கழுவிட்டு வா" என்பார்.

இவ்வளவும் எதற்கு? பொழுதுபோக்குக்கு. மரவேலை செய்யப் போகிறாராம்.

ஊரில் மரவேலை தெரிந்தவர்கள் உளியும் இழைப்புளியும் வைத்திருந்தார்கள். அக்காவின் மிஷினோ நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். முதல் நாள் வேப்பம்பலகையை வைத்து முடுக்கினார். ஓட்டை விழவில்லை, பலகை புகைந்தது. கொட்டகை ஜன்னல் வழியாகப் புகை தெருவுக்கு வந்து, அன்று முழுக்க எங்கள் தெருவில் கொசு இல்லை. பிறகு ஏழு மாதம் அந்த மிஷினுக்கு மரம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தார். வேகத்தைக் குறைத்தார், ஊசியை மாற்றினார், தூளை உறிஞ்ச நான்கு தலைக்கும் நான்கு குழாய் மாட்டினார். ஒரு வழியாக அது மரத்துக்குப் பழகியது. ஆனால் அதற்குத் தெரிந்தது ஓட்டை போடுவது ஒன்றுதான். செதுக்கத் தெரியாது, வளைக்கத் தெரியாது. ஆகையால் அக்கா செய்ததெல்லாம் ஓட்டையாகவே இருந்தது.

ஓட்டையாலேயே படம் போட்டார். பூவரசம்பலகையில் இரண்டாயிரம் ஓட்டையில் ஓர் அந்தோணியார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் குழந்தை இயேசுவைத் தூக்கிக்கொண்டு நிற்பார். கீழே வைத்தால் இடியாப்பத் தட்டு. உப்பளத்துப் பெண்களுக்கு அதேபோலப் பிள்ளையார். நான்கு தலை மிஷின் என்பதால் எதைச் செய்தாலும் நான்கு வரும். நான்கையும் லென்ஸில் பார்ப்பார். பார்த்துவிட்டு மூன்றின் முதுகில் சிவப்புப் பென்சிலால் பெருக்கல் குறி போடுவார்.

"ரிஜெக்ட்."

"ஏன்க்கா? நல்லாத்தானே இருக்குது?"

"இடது கண்ணு தள்ளி இருக்குது."

எனக்குத் தெரியாது. அந்தோணியாருக்கே தெரிந்திருக்காது. சரியாக வந்த ஒன்றைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துக்கொள்வார், ரிஜெக்ட் மூன்றையும் ஊருக்குக் கொடுத்துவிடுவார். எங்கள் வீடுகளில் தொங்குகிற சாமி படங்கள் எல்லாவற்றின் முதுகிலும் சிவப்புப் பெருக்கல் குறி உண்டு. எங்களுக்கு இது போதும் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

ரிஜெக்ட் சொல்லாமல் அவரால் ஒரு நாள் இருக்க முடியாது. கைப்பையில் செபமாலையோடு அளவு பார்க்கும் வெர்னியரும் இருக்கும். டீக்கடையில் கிளாஸின் விளிம்பைப் பிடித்துப் பார்ப்பார். பஸ் ஸ்டாப் பலகையில் ஊர்ப் பெயருக்கு ஒரு துணைக்கால் விட்டுப்போனதைப் பஞ்சாயத்து ஆபீசுக்கு மூன்று முறை எழுதிப் போட்டார். இதையெல்லாம் சிரித்துவிட்டு விடலாம். ஒரு சாவு வீட்டில் நடந்ததைத்தான் அப்படி விட முடியவில்லை.

பெரியவர் ஒருவர் இறந்துபோனார். பெட்டியை மூடி, தூக்க ஆள் குனிந்த நேரத்தில் அக்கா முன்னால் வந்து, "ஒரு நிமிஷம். மூடில சிலுவ சாஞ்சிருக்குது" என்றார். இறந்தவரின் மகனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அக்கா, இது எங்க அப்பா சாவு. உன் கம்பெனி இல்ல."

"அதனாலதான்பா சொல்றேன். கம்பெனின்னா திருப்பி வாங்கிச் சரி பண்ணி அனுப்பலாம்."

பிறகு ஆணியைப் பிடுங்க அவனே ஆள் கூப்பிட்டான். சாவு வண்டி இன்ஜினை ஓடவிட்டபடி நின்றது. அக்கா அளந்து குறி போட, அந்தப் பையன் சிலுவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்போதுதான் முதல்முறையாக அழுதான். அன்றைக்குப் பிறகு எந்தச் சாவு வீட்டிலும் பெட்டி செய்கிறவர், "கம்பெனி அக்கா வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் சிலுவையைத் தொடுவார்.

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் ஃபாதர் பாவசங்கீர்த்தனக் கூண்டு வேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

பாவசங்கீர்த்தனக் கூண்டு என்பது மரத்தடுப்பு. ஒரு பக்கம் ஃபாதர் உட்கார்ந்திருப்பார். மறுபக்கம் முழந்தாளிட்டு நாம் நம் பாவத்தைச் சொல்லுவோம். நடுவில் ஓட்டை போட்ட ஒரு பலகை. முகம் தெரியக்கூடாது, குரல் மட்டும் போகவேண்டும். எங்கள் கோயில் பலகையைக் கறையான் தின்று, எலுமிச்சம்பழம் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. "பழசு மாதிரி ஒன்னு பண்ணிக் குடும்மா" என்றார் ஃபாதர். அக்கா பழையதை வெர்னியரால் அளந்தார். ஓர் ஓட்டைக்கும் மற்றோர் ஓட்டைக்கும் அளவு ஒத்துப்போகவில்லை என்றும், இதன் வழியாக இத்தனை வருடம் மன்னிப்பு போனதே பெரிய விஷயம் என்றும் சொன்னார்.

இடித்த வீட்டின் தேக்குக் கதவில் புதுப் பலகை வந்தது. ஆயிரத்துக்கு மேல் ஓட்டை, எல்லாம் ஒரே அளவு. உள்ளே உட்கார்ந்து கேட்டுப் பார்த்த ஃபாதர், "பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்குதும்மா" என்று பூரித்துப்போனார்.

தவக்காலத்தின் மூன்றாவது சனிக்கிழமை. வரிசையில் நாற்பது பேர் இருந்தோம். பங்குப் பேரவைத் தலைவர் முழந்தாளிட்டார். பெரிய உப்பள முதலாளி. இயல்பிலேயே கொஞ்சம் உரத்த குரல். அவர் வாயைத் திறந்தார், காத்திருந்த மூன்று பெஞ்சுக்கும் கேட்டது.

அவர் என்ன சொன்னார் என்று எழுத மாட்டேன். தற்செயலாகக் காதில் விழுந்தாலும் வெளியே சொல்லக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள். என் மனைவிதான் முதலில் சுதாரித்து, "அருள் நிறைந்த மரியே" என்று சத்தமாக ஆரம்பித்தாள். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஆனால் முன்பெஞ்சில் சிலர் உதட்டை மட்டும் அசைத்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் பேரவைக் கூட்டம். அக்காவையும் வரச்சொல்லியிருந்தார்கள்.

"ஃபாதர், அந்தப் பலகைய எடுத்துடுங்க. சத்தம் வெளிய வருது" என்றார் தலைவர்.

"இன்னா சத்தம்?" என்று ஓர் உறுப்பினர் ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்டார்.

"பொதுவா சத்தம்."

அக்கா நோட்டைத் திறந்தார். "யாருக்கெல்லாம் கேட்டுச்சு? எந்த பெஞ்சுல உக்காந்திருந்தீங்க? சொன்னாத்தான் நான் சரி பண்ண முடியும்."

கேட்டது என்று சொன்னால், என்ன கேட்டது என்று அடுத்த கேள்வி வரும். ஒருவருக்குக் காது மந்தம். ஒருவர் அந்த நேரத்தில் தன் பாவத்தை நினைத்து மனஸ்தாபப்பட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், தான் அன்று கோயிலுக்கே வரவில்லை என்றார். கடைசியில், சத்தம் எதுவும் வெளியே வரவில்லை என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆனது. மினிட்ஸ் புத்தகத்தில் எழுதியது நான். தலைவர் என்ற முறையில் கீழே கையெழுத்துப் போட்டவர் அவரேதான்.

கதவைப் பூட்டும்போது அக்கா படியில் நின்றிருந்தார்.

"உபதேசியாரே, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. கேட்டுச்சா?"

"மூணாவது பெஞ்சு வரைக்கும்."

"சத்தமா, வார்த்தையா?"

"வார்த்தை வார்த்தையா."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "பழசுல தூசி, ஒட்டடை, கறையான் மண்ணு எல்லாம் சேந்து சத்தத்தக் குடிச்சிட்டு இருந்திருக்குது. நான் சுத்தமா போட்டுட்டேன். உள்ள கேக்குதான்னு பாத்தேனே தவிர வெளிய கேக்குதான்னு பாக்கல. ஒரு மனுஷன் மனசுல இருந்தத எடுத்து ஊருக்கு மைக் வெச்சுட்டேன்."

மறுநாள் காலை தலைவர் வீட்டுக்கு மன்னிப்பு கேட்கப் போனார். தலைவர் வாசலிலேயே நிறுத்தி, "நான்தான் எதுவும் சொல்லலயே, நீ இன்னாத்துக்கு மன்னிப்பு கேக்குற?" என்றாராம். மன்னித்தால் சொன்னது உண்மை என்று ஆகிவிடும்.

அடுத்த சனிக்கிழமை கூண்டுக்கு ஒருவரும் வரவில்லை. ஃபாதர் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். ஊரே பஸ் ஏறிப் பக்கத்துப் பங்குக்குப் போய்ப் பாவத்தைச் சொல்லிவிட்டு வந்தது. பெரிய வாரம் நெருங்கிக்கொண்டிருந்தது. "பூசைக்கு வராம போனாக்கூடத் தாங்கிப்பேன். பாவம் சொல்ல வேற சாமியார்கிட்டப் போறாங்களே" என்றார் ஃபாதர். அவர் கண் கலங்கியதைப் பார்த்த அக்கா, கொட்டகைக்குப் போனவர் ஒன்பது நாள் வெளியே வரவில்லை. தனலட்சுமி சோறு கொண்டுபோய் வைத்தாள். காலைக் கழுவினாயா என்றுகூட அக்கா கேட்கவில்லையாம். அதைச் சொன்னபோது அவளுக்கே பயமாக இருந்தது.

இந்த முறை பலகையை மிஷினில் ஆப்பு வைத்துச் சாய்த்து, எல்லா ஓட்டையையும் சரிவாகப் போட்டிருந்தார். குரல் ஃபாதர் காதை நோக்கிக் கீழே இறங்குமே தவிர, பக்கவாட்டில் வழியாது. குருத்து ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்பு மாட்டினோம். கோயிலில் ஃபாதர், அக்கா, நான் மூன்று பேர் மட்டும். ஃபாதர் கூண்டுக்குள் உட்கார்ந்தார்.

"நீங்க மொத பெஞ்சுல உக்காருங்க" என்றார் அக்கா என்னிடம். "நான் 'உப்பு திருடினேன்'னு மூணு தடவ சொல்லுவேன். மொதல்ல மெதுவா, அப்புறம் சாதாரணமா, அப்புறம் சத்தமா. வார்த்தை புரிஞ்சா உடனே கைய தூக்குங்க. என் முகத்துக்காகப் பாக்காதீங்க."

முதல் தடவை, ஒன்றுமில்லை. இரண்டாவது தடவை, ஏதோ முணுமுணுப்பு. நிஜமாகவே பலகை நன்றாக இருந்தது. மூன்றாவதுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. பிறகு அக்கா பேச ஆரம்பித்தார். உப்பைப் பற்றி அல்ல. பேசப் பேசக் குரல் உடைந்து அழுகையானது. அவர் பேச்சைக் கணக்குப் போட்டுத்தான் ஓட்டை போட்டிருந்தார், அழுகையைக் கணக்கில் சேர்க்கவில்லை. எல்லா வார்த்தையும் எனக்குக் கேட்டது.

அதை நான் எழுதக்கூடாதுதான். ஆனால் ஒரு வருடம் கழித்து, எங்கள் வீட்டுப் பின்கட்டில் மீன் அலசிக்கொண்டே, அதே விஷயத்தை அவர் என் மனைவியிடம் வாய்விட்டுச் சொன்னார். அதனால் எழுதுகிறேன். கம்பெனியின் கடைசிக் காலத்தில் ஒரு லாட் அட்டையில் ஓட்டைகள் தள்ளி விழுந்திருந்தன. மிஷினில் ஒரு தலை ஆட்டம் கண்டிருந்தது. இவர் லென்ஸில் பார்த்துவிட்டார். மேனேஜர் வந்து, இது இன்றைக்குப் போகாவிட்டால் கம்பெனியே இருக்காது, அத்தனை பேர் வேலையும் உன் கையில்தான் இருக்கிறது என்றார். இவர் சரி என்று முத்திரை குத்தினார். லாட் போனது. இரண்டே மாதத்தில் கம்பெனியும் போனது.

"எந்த மிஷினுக்குள்ள போச்சோ தெரியல. ஆஸ்பத்திரி மிஷினுக்கும் நாங்க பண்ணுவோம்" என்றாராம். "அந்த ஓட்டய போட்டது இந்த மிஷின்தான். சரி பண்ணாம அறுக்க விடக்கூடாதுன்னுதான் எடுத்துட்டு வந்தேன்."

அன்று கோயிலில், முதல் வார்த்தை புரிந்தபோதே கையைத் தூக்கியிருக்க வேண்டும். தூக்கினால் நிறுத்திவிடுவார். நிறுத்தினால் இன்னொரு முறை இதைச் சொல்வாரா என்று தெரியாது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் கனமாக உட்கார்ந்துகொண்டேன். ஃபாதர் மன்னிப்பு மந்திரம் சொன்னதும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்கா எழுந்து வந்தார்.

"கேட்டுச்சா?"

"இல்லக்கா."

"மூணாவது தடவ சொன்னது?"

"அதுவும் கேக்கல."

என்னையே பார்த்தார். சாய்ந்த சிலுவையையும் தள்ளிப்போன கண்ணையும் பார்க்கிற அதே பார்வை. நான் அசையவில்லை. பிறகு பலகையின் பின்பக்கம் போய், சிவப்புப் பென்சிலை எடுக்காமல், நீலப் பென்சிலால் சின்னதாக ஒரு டிக் போட்டார். ஊருக்கு அவர் கொடுத்த பொருளில் டிக் விழுந்தது அது ஒன்றில்தான்.

பெரிய வியாழனுக்கு முன்பே வரிசை திரும்பி வந்துவிட்டது. தலைவரும் வந்தார், மிக மெல்லிய குரலில் பேசினார். அக்கா அதற்கப்புறம் இரண்டு வருடம்தான் இங்கே இருந்தார். எவ்வளவு கிரீஸ் பூசினாலும் உப்புக்காற்று மிஷினைத் தின்றுகொண்டே இருந்தது. ஒருநாள் ஓசூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு அதைக் கட்டி ஏற்றினார். ட்ரெய்லர் மேல் நின்றபடி என்னைப் பார்த்து, "இந்த ஊர்ல மனுஷங்க பரவால்ல உபதேசியாரே. காத்துதான் ரிஜெக்ட்" என்றார்.

பலகை அப்படியே இருக்கிறது. சாதாரணமாகப் பேசுகிறவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. அழுகிறவர்களுக்காக, முதல் மூன்று பெஞ்சையும் நான் நன்றாகப் பின்னால் தள்ளிப் போட்டுவிட்டேன். கோயில் பெருக்கும் பெண்கள் ஒவ்வொரு வாரமும் முன்னால் இழுத்துவிடுகிறார்கள், ஒவ்வொரு வாரமும் நான் தள்ளுகிறேன். புதிதாக வந்திருக்கும் ஃபாதர், இவ்வளவு இடம் எதற்கு வீணாகக் கிடக்கிறது என்று கேட்டார். முட்டி வலிக்காரர்கள் காலை நீட்டி உட்காரத்தான் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அதுவும் பொய்தான். அக்காவிடம் சொன்னதையும் சேர்த்து இரண்டாயிற்று. ஒருநாள் பஸ் ஏறி, பக்கத்துப் பங்குக்குப் போய்ச் சொல்லிவிட்டு வரவேண்டும்.